அமலாக்காவுக்கு அடித்த முதல் பிளக்ஸ்

செய்தி எனக்கு ஆர்டராக வந்தது. சின்னமனூரில் பிளக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு யார் போனாலும் அப்படித்தான் தெரியவரும். தழுதழுத்த குரல் கிடையாது, 'விஷயம் கேள்விப்பட்டீகளா' கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ, கீழே 'ஆறுக்கு நாலு, கண்ணீர் அஞ்சலி, அர்ஜென்ட்' என்று ஒரு வரி. அன்று காலை டீயை உறிஞ்சிக்கொண்டே போட்டோவைத் திறந்தேன். காதோரம் நரை, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்க்கிற அந்தப் பார்வை. 'நீங்க சொல்றது எனக்குக் கேட்டுச்சு, ஆனா நான் இன்னும் நம்பல' என்கிற பார்வை. டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் நம்பவில்லை. அஞ்சலி எழுதுகிற எல்லோரும் எழுதும் வரி இது என்று எனக்கும் தெரியும். என் விஷயத்தில் அது துக்கத்தால் வந்தது அல்ல, தொழில் அனுபவத்தால் வந்தது. ஒருமுறை மார்க்கையன்கோட்டைப் பெரியவர் ஒருவருக்கு அஞ்சலி பிளக்ஸ் அடித்துக் கம்பத்தில் கட்டிய பிறகு, அவரே நேரில் கடைக்கு வந்து, "போட்டோவெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா நான் இன்னும் கெளம்பலயே" என்றார். அன்றிலிருந்து விசாரிக்காமல் நான் யாரையும் சாகவிடுவதில்லை.

ராயப்பன்பட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிநேகிதனைக் கூப்பிட்டேன். "அமலாக்கா..." என்று ஆரம்பித்ததும் அவன் போனைத் தெருப்பக்கம் நீட்டினான். சர்ச்சில் அடிக்கிற சாவு மணி. ஒரு அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு அடி.

"கேக்குதா?" என்றான்.

"கேக்குது. யாருக்கு அடிக்காக?"

"ஏலே, அமலாக்காவுக்குத்தேன். விடிகாலையில நெஞ்சுவலின்னுருக்காக. ஆஸ்பத்திரி போய்ச் சேரல. மணியைக் கூடவா நம்ப மாட்ட?"

மணியையும் சந்தேகப்பட்டதற்காக அக்கா என்னைக் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். சந்தேகப்படாமல் இருந்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பார்.

அவர் முழுப் பெயர் அமலோற்பவம், ஊர் ராயப்பன்பட்டி. அரசு ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பிரிவில் வேலை. டிபி மாத்திரை கொடுப்பது, கொடுத்ததை ஆட்கள் ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. அந்த வேலைக்கு அரசாங்கம் வைத்திருந்த பெயர் ஒரு டவுன் பஸ் நீளம் இருக்கும். அவருக்கே முழுதாகச் சொல்ல வராது. ஊருக்கு அவர் அமலாக்கா. 'அமலாக்கம்' என்று கடைசி எழுத்தை மாற்றிக் கெடுத்தவன் நான்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் சோதனை போடுகிறவரை வேறு எப்படி அழைப்பது? அந்தப் பெயர் பத்து நாளில் போடி வரை பரவி, கடைசியில் அவர் காதுக்கும் போயிற்று. "யாரு வச்சது?" என்று மட்டும் கேட்டாராம். யாரும் சொல்லவில்லை என்கிறார்கள். நான் அதையும் நம்பவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அக்கா கையால் மாத்திரை வாங்கியவர்கள். மீதிப் பேர் வாங்கியதை வெளியே சொல்லாதவர்கள். ஏழு வருடமாக நான் இரண்டாவது கட்சியில் இருந்தேன். இன்றைக்குக் கட்சி மாறுகிறேன்.

எனக்கு டிபி வந்தபோது நாற்பத்தைந்து வயது. மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பிளக்ஸ் மை வாசனையால் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சளியைப் பரிசோதித்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். காசநோய்ப் பிரிவு அறையில் போய் உட்கார்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் அமலாக்கா. என் பைல் அட்டையை எடுத்து முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனா.

"குடி உண்டா?"

"இல்லக்கா."

எழுதவில்லை. கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"குமுளிக்குக் கடைசியா எப்பப் போனீக?"

"போன மாசம். அங்கன, கேரளாப் பக்கம், ஒரு கல்யாண மண்டபத்துல பிளக்ஸ் வேலை."

"வேலை முடிஞ்சு?"

"சாப்பிட்டேன்."

"என்ன?"

"கப்பக்கெழங்கு, மீன் கறி..."

"தொட்டுக்க அது சரி. குடிக்க?"

"கள்ளு."

"இப்பத்தான குடி இல்லன்னீக?"

"அது தமிழ்நாட்டுலக்கா."

சிரிக்கவில்லை. பைல் அட்டையின் மூலையில் சிவப்பு மையால் பொட்டளவுக்கு ஒரு புள்ளி வைத்தார். "ஈரலுக்கு எல்லைக்கோடு தெரியாது தம்பி" என்றார். அக்கா சொன்னதில் நான் முதலில் மனப்பாடம் செய்தது அதுதான்.

பிறகு விசாரணை தொடர்ந்தது. எடை போட்டார், ஐம்பது கிலோகூட இல்லை, ஒரு பொட்டு. வயதுக்கு ஒரு பொட்டு. சின்ன வயதில் எப்போதாவது மஞ்சக்காமாலை வந்ததா என்றார். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் வந்தது, சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணத்துக்கே பொட்டு வைத்துவிட்டார். "பொம்பளையாப் பொறந்திருந்தீகன்னா அதுக்கும் ஒண்ணு வச்சிருப்பேன்" என்றார். என் அட்டையின் மூலைக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"மாத்திரை நல்ல மாத்திரை. ஆறு மாசத்துல சீக்கைத் தூக்கிரும். ஆனா உள்ள போற எல்லாத்தையும் ஈரல்தான் வாங்கி வச்சுப் பிரிக்கணும். ஆளுக்கு ஆளு ஈரல் வேற. நான் மாத்திரையைச் சந்தேகப்படல தம்பி, உங்களைத்தேன்."

டாக்டரிடம் சொல்லி, மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்க வைத்தார். கள்ளைச் சுத்தமாக விடச் சொன்னார். பசி போனால், குமட்டினால், காரணமில்லாமல் உடம்பு அசந்து போனால் உடனே சொல்லச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: "மூத்திரம் ஆரஞ்சா, செவப்பாப் போகும். பயப்படாதீக, அது மாத்திரைச் சாயம். ஆனா ஒண்ணு. மூத்திரத்துக்கு மாத்திரை வந்து சாட்சி சொல்லும். கண்ணு மஞ்சளானா யாரும் சாட்சி சொல்ல முடியாது. கண்ணை வெயில்ல பாக்கணும். டியூப் லைட்டு பொய் சொல்லும்."

இந்த இடத்தில்தான் தப்பு நடந்தது. அவர் சொன்னதில் எனக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்: பயப்படாதீக.

அப்போது மாத்திரை அட்டையின் மடிப்பில் ஒரு போன் நம்பர் ஒளிந்திருக்கும். மாத்திரையைப் பிதுக்கினால் நம்பர் தெரியும். அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் நாம் விழுங்கிவிட்டோம் என்று கணக்கு. அக்காவுக்கு அந்த ஏற்பாட்டின் மேல் துளி நம்பிக்கை கிடையாது. "மிஸ்டு கால் மாத்திரை முழுங்குமா?" என்பார். என்னைப் போல் நிறையப் பொட்டு வாங்கியவர்களுக்கு அவரே ஒரு சட்டம் வைத்திருந்தார். இரண்டு நாளைக்கு ஒருமுறை வெயிலில் நின்று கண்ணைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். எந்த அரசாணையிலும் அப்படி இல்லை. ராயப்பன்பட்டிச் சட்டம்.

இதில் பொறி தட்டியது என் மனைவி செல்விக்கு. நான் குளிக்கப் போன நேரத்தில் என் போனில் ஒரு செய்தி: 'உங்க கண்ணு இன்னும் வரல. காத்துக்கிட்டு இருக்கேன். - அமலா.'

துண்டோடு வெளியே வந்தேன். போனை என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"யாரு இந்த அமலா?"

"ஆஸ்பத்திரி அக்கா."

"ஆஸ்பத்திரி அக்காவுக்கு நுரையீரல் வேணும், சளி வேணும். கண்ணு எதுக்கு?"

"ஈரலுக்கு."

"ஈரலு கண்ணுலயா இருக்கு? என்னைய என்னான்னு நெனச்ச?"

இருமுகிற ஆள், எடையில்லாத ஆள், தலையில் முடி எண்ணக்கூடிய ஆள். இவனையும் ஒருத்தி கண்ணை அனுப்பச் சொல்கிறாள் என்று என் மனைவி நம்பினாளே, அந்தப் பெருமையில் இரண்டு நாள் உடம்பு கொஞ்சம் தேறிய மாதிரி இருந்தது. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த அக்காவை நேரில் பார்த்தபிறகுதான் செல்வி சமாதானமானாள். பார்த்த மறுநாளே அக்கா பக்கம் சாய்ந்து, எனக்கு எதிராக உளவு சொல்லவும் ஆரம்பித்தாள்.

ஆறாவது வாரம் இட்லியைப் பார்த்தால் குமட்டியது. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார வேண்டியிருந்தது. முகூர்த்த மாதம், அதனால் வேலை அதிகம், அதனால் அசதி என்று வைத்துக்கொண்டேன். மூத்திரம் ஆரஞ்சிலிருந்து கடுங்காப்பி நிறத்துக்குப் போயிற்று. மாத்திரைச் சாயம் என்று வைத்துக்கொண்டேன். வைத்துக்கொள்ள எனக்குச் சொல்லியா தர வேண்டும்? உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அதற்கு முந்தின வாரம் குமுளியில் இன்னொரு கல்யாண வேலை. இன்னொரு மீன் கறி. மீன் கறி தனியாக இறங்கவில்லை.

அன்றைக்கு அக்காவுக்குக் கண் அனுப்ப வேண்டிய நாள். வாசலில் நின்று எடுத்தேன். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் லேசாக ஒரு மஞ்சள் ஓடியது. கேமரா கோளாறாக இருக்கும், வெயில் கோளாறாக இருக்கும். இருந்தாலும் அப்படியே அனுப்பினால் அக்கா முதலில் கேட்கப்போவது குமுளியைத்தான் என்று தெரியும். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

என் தொழிலை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் நான் அடித்த எந்த பிளக்ஸிலும் யாருக்கும் சிவந்த கண்ணோ மங்கிய கண்ணோ இருந்ததில்லை. மாப்பிள்ளை, மணப்பெண், காது குத்துகிற பிள்ளை, காலமான தாத்தா, எல்லோருக்கும் ஒரே பளீர் வெள்ளை. யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். அன்றைக்கு யோசித்துச் செய்தேன். மௌஸை ஒரு இழு. மஞ்சள் போயிற்று. படத்திலிருந்து.

அனுப்பிய பிறகு இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

பதினோரு மணி டவுன் பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினார். எதிர் டீக்கடைப் பரமன் தலையைத் திருப்பினான். பரமன் டீ ஆற்றுவதைவிடச் செய்தி ஆற்றுவதில் கெட்டிக்காரன். சின்னமனூரில் யார் வீட்டில் என்ன என்பது சம்பந்தப்பட்டவர்களுக்கே அவன் கடையில்தான் தெரியவரும். அக்கா அவனுக்குக் கேட்கிற மாதிரி உரக்கக் கூப்பிட்டார்.

"என்னா தம்பி, எங்க அந்தோணியார் திருவிழா பிளக்ஸ் ரெடியா?"

நான் முழித்தேன். எனக்கு எந்தத் திருவிழா ஆர்டரும் வரவில்லை. கடைக்குள் வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"முப்பது வருஷமாக் கண்ணு பாக்குறேன். பச்சப்புள்ளைக்குக்கூட இம்புட்டு வெள்ளையில நான் பாத்ததில்ல. எந்திரிங்க. கொல்லைப்பக்கம் வெயிலு இருக்கா?"

"அக்கா, அது கேமரா..."

"எந்திரிங்க."

கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் துணி காயப்போடுகிற முற்றம். அங்கே என்னை நிறுத்தி, தன் கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்தார். வெயில் ஊசியாக இறங்கியது. அவர் முகம் மாறியதை ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டாததுதான் பயமாக இருந்தது.

"இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

"போட வேணாம். டாக்டர் சொல்ற வரைக்கும் ஒண்ணு கூடத் தொட வேணாம். குமுளி போனீகளா?"

கொடியில் காய்கிற துணிகளை எண்ணினேன். அதுவே பதில். அதற்குள் செல்வி வந்தாள். அக்கா அவளிடம் ஒன்றுதான் கேட்டார்: "ஆத்தா, பிரிட்ஜ் எங்கன இருக்கு?"

பிரிட்ஜுக்குள்ளே பார்ப்பார் என்று நினைத்தோம். மேலே பார்த்தார். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் பிரிட்ஜுக்குள் மாவு, பிரிட்ஜுக்கு மேலே மருந்து. தலைவலித் தைலம், காலாவதியான இருமல் மருந்து, யாருக்கோ எப்போதோ வாங்கிய மாத்திரைகள், எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில். அக்கா டப்பாவை இறக்கிச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார். பாதி காலியான ஒரு காய்ச்சல் மாத்திரை அட்டையை எடுத்தார்.

"இதை யாரு திங்கிறா?"

"நாந்தான். உடம்பு அலுப்புக்கு. தெனம் ரெண்டு."

"வேற மருந்து எதும் சாப்பிடுறீகளான்னு கேட்டதுக்கு இல்லன்னீக."

"இது மருந்தாக்கா? காய்ச்சல் மாத்திரைதான?"

அடியில் ஒரு மருந்துப் பொட்டலம். பிரித்து முகர்ந்தார். மூக்கைச் சுளித்தார். "இது?"

செல்வி தரையைப் பார்த்தாள். "எந்தம்பி குடுத்தான். ஈரலுக்கு நல்லதுன்னான். காலையில வெறும் வயித்துல..."

அவள் தம்பி கோம்பையில் நாய் வளர்ப்பவன். கோம்பை நாய்க்குட்டி வேண்டும் என்றால் கேரளத்திலிருந்துகூட அவனைத் தேடி வருவார்கள். அக்கா அங்கேயே அவனுக்குப் போன் போடச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தார்.

"இந்தப் பொடியில என்னப்பா இருக்கு?"

"அது ரகசிய மருந்துங்க, சொல்லக் கூடாது. நம்ம நாய்க்கெல்லாம் அதான் குடுக்குறேன். ஒண்ணுக்காச்சும் ஈரல் கோளாறு வந்ததா, நம்ம மச்சானைக் கேளுங்க."

"நாயி டிபி மாத்திரை போடுதா?"

"இல்லங்க" என்றான். நாய்க்கும் எனக்கும் ஒரே வைத்தியம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பொட்டலத்தை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அக்கா தன் பையில் போட்டுக்கொண்டார்.

ஆட்டோவில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கட்டிலைக் காட்டினார். இன்னும் ஒரு வாரம் அதே மாத்திரையையும் அதே பொடியையும் சேர்த்து விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "பிளக்ஸ் கடைக்காரருக்கு பிளக்ஸ் யாரு அடிப்பா?" என்று திருப்பிக் கேட்டார். எங்கள் ஊர் டாக்டர்களுக்கும் நகைச்சுவை உண்டு. கேட்கிறவனுக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

இனி என் வாழ்க்கையில் நான் அதிகம் வெட்கப்படுகிற பகுதி. பதினைந்து நாளில் கண் வெளுத்தது, பசி வந்தது. மறுபடி டிபி மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் மாட்டேன் என்றேன். என் ஈரலைக் கடித்த நாயை மறுபடி வீட்டுக்குள் விடச் சொல்கிறார்களே என்று இருந்தது. இவர்கள் யாருக்காக வேலை செய்கிறார்கள், இந்த மாத்திரையில் என்ன இருக்கிறது, நான் என்ன சோதனை எலியா என்று வார்டில் ஒரு சின்னப் பொதுக்கூட்டமே நடத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் ஆமாம் ஆமாம் என்றார். அவருக்கு ஹெர்னியா.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சந்தேகமா?"

"ஆமா."

"நல்லது. சந்தேகம் வந்தா கேக்கணும். நீங்களா நிறுத்தப்படாது, நீங்களா தொடங்கவும் படாது. மாத்திரையை நிறுத்திட்டா சீக்கு சும்மா இருக்குமா? இந்தத் தடவ இன்னும் முரடா வரும். அதுக்கு மாத்திரையும் முரடு." பிறகு குரலை இறக்கினார். "நாலு மருந்தையும் ஒண்ணா உள்ள விட மாட்டாக. போலீஸ் ஸ்டேசன்ல ஆளுகளை வரிசையா நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்லுவாகல்ல, அது மாதிரி. ஒண்ணை விட்டு ரத்தம் பாப்பாக. அப்பறம் அடுத்தது. எது உங்க ஈரலோட சண்டை போடுதுன்னு தெரிஞ்சிரும். ஒவ்வொண்ணுக்கும் நான் இங்கன வந்து உக்காருறேன். போதுமா?"

வந்து உட்கார்ந்தார். விழுங்கியபின் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னத்தின் உள்பக்கத்தையும் பார்த்தார். சண்டைக்காரன் ஒருவன் மாட்டினான். அவனை விலக்கிவிட்டு டாக்டர் வேறு ஏற்பாடு செய்தார். ஆறு மாதத்தில் முடிய வேண்டியது ஒன்பது மாதமானது. நான் முழுதாக முடித்தேன். கள், அதன்பிறகு கேரளத்திலும் இல்லை.

அந்த ஒன்பது மாதமும் அக்கா கடைக்கு வரும்போதெல்லாம் பரமன் காதில் விழும்படி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "அந்தோணியார் பிளக்ஸ் ரெடியா?" நானும், "அடுத்த வாரம்க்கா" என்பேன். டிபி என்று தெரிந்தால் என் கடையில் யாரும் நின்று போட்டோ தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். நான் கேட்காமலேயே அவர் கட்டிய திரை அது. என்னைத் தவிர ஒரு தையல் கடையில் மாதக்கணக்கில் தைக்காத ஜாக்கெட்டும், ஒரு செல்போன் கடையில் ரிப்பேராகாத போனும் அவருக்கு இருந்ததாகப் பிறகு சந்தேகப்பட்டேன். கேட்டதற்கு, "எனக்கு ஜாக்கெட்டு தைக்கக் கூடாதா?" என்றார். பரமன் மட்டும் வருடக்கணக்கில் என்னைக் கேலி செய்தான்: "ஒரு பிளக்ஸ் அடிக்க ஒம்பது மாசம். புள்ளையா பெத்த?"

இப்போது அந்த அஞ்சலி போட்டோவுக்கு வருகிறேன். மணிச் சத்தத்தைக் கேட்டபின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அனுப்பியவர் அக்காவின் அண்ணன் மகன், நேரிலும் வந்துவிட்டார். "அண்ணே, முகத்தைக் கொஞ்சம் பளிச்சுன்னு ஆக்கிருங்க. கண்ணையும் வெளுத்திருங்க" என்றார். எல்லோரும் சொல்வதுதான். என் கை மௌஸுக்குப் போயிற்று, நின்றது.

"கண்ணைத் தொட மாட்டேன்" என்றேன்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். குடும்பத்துக்கே உரிய பார்வை.

எதிரில் பரமன் ஏற்கெனவே செய்தி ஆற்ற ஆரம்பித்திருந்தான். "நெஞ்சுவலின்னு சொல்றாக. எனக்கு என்னமோ நம்பிக்கை இல்ல. முப்பது வருஷம் அந்த மாத்திரைகளோடயே பொழங்குச்சு அந்தம்மா. அதோட வாடையே ஈரலைத் தின்னுருக்கும். ஊருக்கெல்லாம் குடுத்ததே அந்த வெசத்தைத்தான?" பெஞ்சில் ஏழெட்டுப் பேர் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் தலையாட்டாமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். தக்காளி ஏற்றிப்போகிற வேன் ஓட்டுபவர்.

பிளக்ஸ் அடித்து முடித்து, மடிக்காமல் விரித்தபடியே இரண்டு பேராகத் தூக்கித் தெருவுக்குக் கொண்டுவந்தேன். உச்சி வெயில். அக்கா சொன்ன இடம். கண்ணருகே குனிந்து பார்த்தேன். முதுமையின் சாம்பல் வளையம் இருந்தது. அந்த வயதுக்கு உரிய மங்கல் இருந்தது. மஞ்சள் இல்லை.

"பரமா, இங்கன வா. வெயில்ல வந்து பாரு. போன மாசம் எடுத்த போட்டோ. இந்தக் கண்ணுல எங்கடா ஈரல் கோளாறு?"

"உனக்கென்னா தெரியும் அதைப் பத்தி?"

ஏழு வருடம் கட்டிக் காத்த திரை. ஒரு கணம் யோசித்தேன். அக்கா இருந்திருந்தால் அந்த ஒரு கணத்துக்கும் பொட்டு வைத்திருப்பார்.

"எனக்கு டிபி வந்துச்சு. அந்த மாத்திரை தின்னுதான் உசுரோட நிக்கிறேன். ஈரல் கெட்டுச்சு, நாலுல ஒரு மாத்திரை எனக்கு ஒத்துக்கல, அதுக்கு மேல கள்ளு, நாய்ப் பொடி, மிச்சம் என் வாயி. கண்டுபிடிச்சது இவுக. அந்த ஒம்பது மாசமும் அந்தோணியாருக்கு பிளக்ஸும் அடிக்கல, ஒண்ணும் அடிக்கல. அக்காவுக்கு நான் அடிச்ச மொத பிளக்ஸே இதுதான்."

பரமன் வாழ்க்கையில் முதல்முறையாக டீயை மட்டும் ஆற்றினான்.

சாயங்காலம் வேன்காரர் கடைக்கு வந்தார். பிளக்ஸ் மாதிரிகளைப் புரட்டுகிற சாக்கில் நின்றார். "அண்ணே, அந்த மாத்திரை நெசமாவே ஈரலைத் தின்னுருமாண்ணே?"

"யாருக்குக் கேக்குறீக?"

"தெரிஞ்சவரு ஒருத்தரு. ரெண்டு நாளா நிறுத்தி வச்சிருக்காரு."

"தெரிஞ்சவரு குமுளிப் பக்கம் போவாரா?"

அவர் மாதிரிப் புத்தகத்தை மூடினார். வெயில் சாய்வதற்குள் அவரை முற்றத்துக்குக் கூட்டிப்போய், இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் பட்டது. ஆனால் நான் பிளக்ஸ் கடைக்காரன்; என் கண்ணை நம்பக் கூடாது. மறுநாள் காலையில் அவர் வேனிலேயே ஏறி உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வாசலில்தான் இறங்கினேன்.

அமலாக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், அவருடைய சந்தேகத்தைத்தான் சொல்வேன். ஒருவன் 'நல்லா இருக்கேன்' என்றால் எழுதிக்கொள்ளாமல் கண்ணாடிக்கு மேலே பார்க்கிற அந்தச் சந்தேகம். அதை முழுதாக எடுத்துக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. ஒரு பொட்டளவு எடுத்திருக்கிறேன்.

வேன்காரர் வாரம் இரண்டு முறை கடைக்கு வருகிறார். எதற்கு என்று பரமன் கேட்டான். ராயப்பன்பட்டி அந்தோணியார் திருவிழாவுக்கு ஒரு பிளக்ஸ் சொல்லியிருக்கிறார் என்றேன். அடித்து முடிக்க ஆறு மாதம் ஆகும்.